ஏழு கண்மாய்களுக்கு வரத்துப் படம் போட்ட வேலைக் குறிப்பு

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பள்ளங்களை நிரப்பும் கருவியை ஓட்டிவிட்டு, வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் அம்மா ஊர்ப் பெரிய கண்மாய் அதில் இல்லை. கரையும் இல்லை, தண்ணீர் நிற்கும் உள்வாயும் இல்லை. அந்த இடம் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் சப்பட்டையாகக் கிடந்தது. நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட கண்மாயை, உயரத் தரவில் விழுந்த ஒரு பிழை என்று நினைத்து மென்பொருள் மூடிவிட்டது.

புவித்தகவலியல் முதுகலை இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக நான் எடுத்துக்கொண்டது இதுதான். சிவகங்கைக்கும் மானாமதுரைக்கும் நடுவே ஏழு கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றின் கலுங்கு, அதாவது நிரம்பிய தண்ணீர் வழியும் வாய், பாய்ந்தால் அடுத்தது நிரம்பும். எதன் மறுகால் (கலுங்கில் வழிந்த தண்ணீர் போகும் கால்வாய்) எதில் போய் விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் எவ்வளவு நிலத்திலிருந்து வருகிறது என்று படம் போட வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் தலைப்பைப் பதிந்தேன். ஜனவரியில் தொடங்கிய வேலை நவம்பர் மழை வரை இழுத்தது. இதே வழியில் இறங்குகிறவர்களுக்கு நான் தடுக்கி விழுந்த இடங்களாவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்திருக்கிறேன். பெரிய கண்மாய் மூன்றாவது.

கையில் இருந்தவை: எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி, க்யூஜிஐஎஸ், இந்திய சர்வே துறையின் பழைய 1:50,000 டோப்போஷீட் என்ற நிலவரைபடத் தாள் இரண்டு (58 கே/5, 58 கே/6), எஸ்ஆர்டிஎம், காப்பர்நிகஸ் ஆகிய இரண்டு உயரத் தரவுகள், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், கைப்பேசியில் களத்தில் கோடு போட க்யூஃபீல்டு செயலி. கடைசியில் சிவில் துறையிலிருந்து உயர வித்தியாசம் அளக்கும் ஒரு லெவல் மிஷினும் அதற்கான அளவுகோலான ஸ்டாஃபும் இரவல் வாங்கினேன். அந்த மிஷின் இல்லையென்றால் என் படம் தப்பாகவே அச்சுக்குப் போயிருக்கும்.

டோப்போஷீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கரைக்கோடுகளும் ஓடைகளும் அதிலிருந்துதான் வந்தன. ஸ்கேன் செய்த தாளை நிலத்தின் மேல் சரியாக உட்கார வைக்க, தாளின் மூலைகளிலும் நடுவிலும் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை வெட்டும் புள்ளிகளைக் குறித்து எண்களைக் கொடுத்தேன். பிழை மிகக் குறைவு என்று காட்டியது. மகிழ்ச்சியோடு செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டால், எல்லாக் கரைகளும் இருநூறு மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளிக் கிடந்தன. ரயில் பாதை வயலுக்குள் ஓடியது, கோயில் கண்மாய்க்குள் நின்றது.

புள்ளிகளைக் குறித்ததில் தப்பு இல்லை. அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தின்மேல் வரையப்பட்டவை. இந்த நாட்டின் நில அளவைக்கு 1830இல் வகுத்த பூமி வடிவம் அது. இன்றைய ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் படங்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு பூமி வடிவத்தைப் பின்பற்றுகின்றன. அதே அட்சரேகை எண் இரண்டிலும் இரண்டு வேறு இடங்களைக் காட்டும். தாளின் ஆயத்தொலை முறை 'கல்யாண்பூர் 1975', இபிஎஸ்ஜி பட்டியல் எண் 4146 என்று கொடுத்துவிட்டு டபிள்யூஜிஎஸ்ஸுக்கு மாற்றச் சொன்னதும் கரைகள் நகர்ந்து ஏறக்குறைய தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. பட்டியலில் 'இந்தியன் 1975' என்று இன்னொன்று இருக்கும், எண் 4240. பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அது தாய்லாந்துக்கு உரியது. நான் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

அப்படியும் இருபது, இருபத்தைந்து மீட்டர் விலகல் மிச்சம் இருந்தது. கோயில் கோபுரம், ரயில்வே கேட், இரண்டு கலுங்குகள் என்று தாளிலும் தரையிலும் மாறாமல் நிற்கும் இடங்களைப் பிடித்து மறுபடி ஒருமுறை இழுத்துச் சரிசெய்தேன். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐம்பது மீட்டர். அதற்கு மேல் நுணுக்கம் கேட்பது தாளின்மேல் நியாயமில்லாத எதிர்பார்ப்பு.

நண்பர் ஒருவர் வைகைக் கால்வாய்களின் கோட்டுக்கோப்பு ஒன்றைக் கொடுத்து உதவினார். அதைத் திறந்ததும் கால்வாய்கள் வங்காள விரிகுடாவின் நடுவில் ஓடின. மதுரைக்கு மேற்கே, திருமங்கலத்தை ஒட்டி 78 டிகிரி தீர்க்கரேகை போகிறது. பூமியை ஆறு ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் மண்டலம் 43 அங்கே முடிந்து 44 தொடங்குகிறது. கோப்பு 43இல் இருக்க, யாரோ 44 என்று பெயர் ஒட்டியிருந்தார்கள். அதனால் ஆறு டிகிரி, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் இதை முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உயரத் தரவு. வகுப்பில் டெம் என்போம்: நிலத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் உயரம் எழுதிய அட்டவணை. எஸ்ஆர்டிஎம் என்பது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினோரு நாள் சுற்றி ரேடாரால் எடுத்தது. சதுரம் சுமார் முப்பது மீட்டர். உயரம் முழு மீட்டரில் மட்டும் இருக்கும். அரை, கால் கிடையாது. மலைக்கு அது போதும். வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்தது மலைப்பகுதித் தரவு. கருவியை ஓட்டினால் ஓடைகள் மரக்கிளை மாதிரி அழகாகப் பிரிந்து வந்தன. எங்கள் பக்கமோ கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறங்கினால் அதுவே அதிகம். ஒரு மீட்டர் குறைய இருபது சதுரம் தாண்ட வேண்டும். அந்த இருபது சதுரத்துக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எஸ்ஆர்டிஎம்மால் சொல்ல முடியாது. ஓடைக்கோடுகள் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல இணைகோடுகளாக வந்தன. அப்படி வந்தால் அது ஓடை இல்லை, தரவில் விஷயம் தீர்ந்துபோனதன் அறிகுறி.

காப்பர்நிகஸ் முப்பது மீட்டர் தரவுக்கு மாறினேன். ஜெர்மானிய டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்கள் எடுத்த தரவிலிருந்து வந்தது, உயரம் தசமத்தில் இருக்கிறது. கண்மாய்களின் குழிவு அதில் மெலிதாகத் தெரிந்தது. இரண்டையும் கலந்து பயன்படுத்த வேண்டாம். எஸ்ஆர்டிஎம் ஒரு கடல்மட்ட மாதிரியையும் காப்பர்நிகஸ் அதற்குப் பின்வந்த இன்னொன்றையும் அடிப்படையாகக் கொண்டவை.

ஆனால் நான் முதலில் சொன்ன சிக்கல் இங்கேதான் வந்தது. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களில் எது அதிகச் சரிவோ அதற்குத் தண்ணீரை அனுப்புவது வழக்கமான முறை, டி8 என்பார்கள். நடுவில் ஒரு குழி இருந்தால் தண்ணீர் அதிலேயே நின்றுவிடும், கணக்கு அறுந்துபோகும். அதனால் முதல் வேலையாக எல்லாக் குழிகளையும் விளிம்புவரை நிரப்பிவிடச் சொல்கிறார்கள். பாடத்தில் அது 'தரவைச் சுத்தம் செய்தல்'. நிரப்பிய தரவிலிருந்து நிரப்பாததைக் கழித்துப் பார்த்தேன். நீலத்தில் ஏழு பிறைகள் தெளிவாக எழுந்தன. ஏழும் என் ஏழு கண்மாய்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான புள்ளிக் குழிகள். அவைதான் உண்மையான பிழைகள். கண்மாய் என்பதே மனிதர் வேண்டுமென்று உண்டாக்கிய குழி. எது பிழை, எது கண்மாய் என்று பிரித்துச் சொல்வதை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

அதனால் வரிசையை மாற்றினேன். முதலில் ஏழு கரைகளையும் டோப்போஷீட்டும் செயற்கைக்கோள் படமும் பார்த்துக் கோடாக வரைந்தேன். முப்பது மீட்டர் சதுரத்தில் கரையின் உயரம் கரைந்துபோய்விடுகிறது, ஆகவே அந்தக் கோடு விழும் சதுரங்களைப் பத்து மீட்டர் உயர்த்திச் சுவராக்கினேன். கலுங்கு இருக்கும் ஒரு சதுரத்தை மட்டும் வெட்டிவிட்டேன். தண்ணீர் நிரம்பினால் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பிறகுதான் நிரப்பினேன். இப்போது கண்மாய் கலுங்கு மட்டம்வரை நிரம்பி, அதற்குமேல் மறுகாலில் வழிந்தது.

ஓட்டிப் பார்த்தால் இரண்டாம் கண்மாயில் தண்ணீர் கலுங்கை விட்டுவிட்டுக் கரையின் நடுவிலேயே வெளியேறியது. சுவர் பத்து மீட்டர், எங்கே ஓட்டை? சதுரம் சதுரமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரை வளையும் இடத்தில் இரண்டு சுவர்ச் சதுரங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டாமல் மூலையோடு மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. டி8 மூலைவாட்டிலும் தண்ணீரை விடும். அந்த மூலை வழியாகக் கண்மாய் முழுதும் ஒழுகிவிட்டது. கோட்டைச் சதுரமாக்கும்போது 'கோடு தொடும் எல்லாச் சதுரங்களும்' என்ற தேர்வை டிக் செய்தால் சுவர் படிக்கட்டு மாதிரி இடைவெளியில்லாமல் வரும். ஒரே ஒரு டிக்தான். அதைக் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று.

இன்னொரு சின்ன விஷயம், தமிழில் பெயர் எழுத நினைப்பவர்களுக்கு. ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பில் அட்டவணைப் பத்தியின் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். 'கண்மாய்' என்று பெயர் வைத்தேன், 'கண்' வரைக்கும் வந்து அறுந்துவிட்டது. ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு கோப்புவகையில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. கலுங்கு, மடை, வரத்துக்கால், மறுகால் என்று ஊர்ப்பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். கலுங்கைச் சர்ப்ளஸ் வியர் என்று எழுதிவிட்டுப் பிறகு ஊரில் போய் அதை மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

படம் வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. மூன்றின் மறுகால் நேர் கிழக்கே நான்காம் கண்மாய்க்குப் போனது. ஐந்து தனியாக, தன் சொந்த மழைப்பரப்பை மட்டும் நம்பி நின்றது. நான்கும் ஐந்தும் ஆறில் விழ, ஆறு ஏழில் விழுந்தது. வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். "களத்துல பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரலில் ஊருக்குப் போனேன். எங்கள் ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்து மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார். சொந்தத் தாத்தா இல்லை, உறவுமுறையில் அப்படிக் கூப்பிடுவோம். பெரிய கண்மாய்க் கரையில் அவரோடு நின்று மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். வெயிலில் திரை தெரியவில்லை, துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன தாயி, தண்ணி அங்கிட்டுப் போகுது?"

"நாலாவதுக்குப் போகுது தாத்தா. பள்ளம் அப்படித்தான் இருக்குன்னு கணக்கு சொல்லுது."

"அங்கிட்டு மேடுல்ல. இந்தக் கலுங்கு பாஞ்சா தெக்க திரும்பி அஞ்சாவதுக்குத்தான் போகும். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அப்படித்தான்."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கலுங்குக்குக் கீழே மறுகால் தெற்கே திரும்புகிறது. ஆனால் அதைக் கால்வாய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு கரையும் நடுவும் சீமைக்கருவேலம், முள் கோத்து இருண்டு கிடக்கிறது. அரிவாள் இல்லாமல் பத்தடி உள்ளே போக முடியவில்லை. அங்கே நின்றபோதுதான் என் படம் ஏன் தப்பாயிற்று என்று பிடிபட்டது. டான்டெம்-எக்ஸின் ரேடார் அலை மூன்று சென்டிமீட்டர் நீளம். அடர்ந்த இலைக்கூட்டத்தைத் தாண்டித் தரைக்கு இறங்காது, மரத்தின் மேல்பரப்பிலிருந்தே பெரும்பாலும் திரும்பிவிடும். அந்தத் தரவு மரத்தலை உயரத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழமான மறுகால், அதில் நாலைந்து மீட்டர் உயரத்துக்குக் கருவேலம். கணக்கில் அது ஓடை இல்லை, ஒரு மேட்டு வரப்பு. மரம் இல்லாத கிழக்குப் பக்கத்துத் தரிசு அதைவிடத் தாழ்வாகத் தெரிந்திருக்கிறது. தண்ணீரை அங்கே அனுப்பிவிட்டது.

தாத்தா சொன்னதை நான் அப்போதே நம்பினேன். ஆனால் திட்டப்பணியில் எண் வேண்டும். தம்பியைக் கூட்டிக்கொண்டு லெவல் மிஷினோடு வந்தேன்.

கலுங்கின் வடக்கு மூலைக் கல்லை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். கடல்மட்டத்தோடு இணைக்கவில்லை, எனக்கு வேண்டியது இரண்டு வழிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி ஸ்டாஃபின் கோடுகள் ஆடத் தொடங்கிவிடும், மில்லிமீட்டர் படிக்கவே முடியாது. ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை மிஷினை மாற்றி, பேக் சைட் (பின்பார்வை), ஃபோர் சைட் (முன்பார்வை) என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பார்வையும் ஏறக்குறைய ஒரே தூரமாக இருந்தால் மிஷினின் சாய்வுப் பிழை தானாகக் கழிந்துவிடும். தம்பியை அடியெண்ணி நடக்க வைத்தேன். மறுகாலுக்குள் போக, ஊர்க்காரர் இருவர் முள்ளை வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கூலி, டீ, வடை, இரண்டு நாள்.

சுற்றி வந்து மூலைக்கல்லிலேயே முடித்தோம். மொத்தம் 2.6 கிலோமீட்டர். தொடங்கிய கல்லுக்கே திரும்பியபோது வந்த வித்தியாசம், அதாவது மூடுபிழை, 17 மில்லிமீட்டர். கிலோமீட்டர் எண்ணின் வர்க்கமூலத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருவதற்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. எங்களுக்கு அது 19. தப்பித்தோம் என்று தம்பி ஸ்டாஃபைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எண்கள் இவை. கலுங்குக்குக் கீழே மறுகாலின் தரை 98.74. அங்கிருந்து தெற்கே ஐந்தாம் கண்மாயின் வால்வரை, அதாவது தண்ணீர் நுழையும் மேல்முனைவரை, 1.1 கிலோமீட்டர், கடைசியில் தரை 97.35. நடுவில் எங்கும் ஏறவில்லை. கிழக்கே நான்காம் கண்மாய்ப் பக்கம் போனால் இருநூறு மீட்டருக்குள்ளேயே ஒரு முதுகு, 99.60. மறுகாலின் தரையைவிட 86 சென்டிமீட்டர் மேடு. கண்ணால் பார்த்தால் அது மேடு என்றே தெரியாது. மாட்டுவண்டி ஓட்டுகிறவர் கூட உணர மாட்டார். தண்ணீருக்குத் தெரியும், தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது.

கலுங்கின் மட்டத்தை எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. கலுங்குச் சுவரின் மேல் முழ உயரக் கற்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். மழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தால் கண்மாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் கண்மாயின் நிறைமட்டம் எது, சுவரா, கல்லா? "மொத மழைக்கு செவரு, கடைசி மழைக்குக் கல்லு" என்றார் தாத்தா. ஒரே பத்தியில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகத்தான் படிப்பு பழக்கியிருந்தது. இரண்டு பத்தி போட்டேன்.

நீர்ப்பரப்பு விஷயத்திலும் இதே கருவேலம்தான் குறுக்கே வந்தது. சென்டினல்-2 படத்தில் பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் தனியே பிரிந்து தெரியும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் சொன்ன முறை. இரண்டு பட்டையும் பத்து மீட்டர் நுணுக்கம், கண்மாய்க்குத் தாராளம். பொங்கல் சமயத்துப் படத்தில் ஓட்டினால், பெரிய கண்மாயில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் என்று வந்தது. அந்தப் பொங்கலுக்குக் கண்மாய் நிறைந்து கிடந்ததை அம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். மீதித் தண்ணீர் மரங்களுக்கு அடியில் நின்றிருக்கிறது. உள்வாயில் சமூகக் காடு வளர்ப்பில் வைத்த நாட்டுக்கருவேலம் ஒரு பக்கம், தானாகப் பரவிய சீமைக்கருவேலம் மறுபக்கம். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பது இலையை. குறுகிய அலை அகச்சிவப்பை வைத்துச் செய்யும் திருத்திய முறை கலங்கல் தண்ணீரை இன்னும் நன்றாகப் பிடித்தது. இலைக்கு அடியில் இருப்பதை அதனாலும் பிடிக்க முடியவில்லை.

வழி மரத்திலேயே இருந்தது. தண்ணீர் நின்ற உயரம்வரை ஒவ்வொரு தண்டிலும் வண்டல் படிந்து வெளுத்த கோடு இருக்கிறது. உள்வாயில் பதினான்கு மரங்களில் அந்தக் கோட்டுக்கு லெவல் எடுத்தோம். தண்ணீர் மட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே. எண்களும் ஆறு சென்டிமீட்டருக்குள் ஒத்து வந்தன. அந்த மட்டத்தில் கண்மாயின் ஓரத்தைச் சுற்றி நடந்து கைப்பேசியில் கோடு போட்டேன். கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் நாலைந்து மீட்டருக்குள் சொல்கிறது, முள்ளுக்குள் பத்தைத் தாண்டுகிறது. முள்ளடர்ந்த இடங்களில் மட்டும் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக வைத்திருக்கிறேன். தெரிந்த கோடும் உத்தேசக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் பார்க்கிறவர் இரண்டையும் ஒரே மாதிரி நம்பிவிடுவார். படம் வரைகிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுகால்கள், வரத்துக்கால்கள் எல்லாவற்றையும் களத்தில் பார்த்த பாதையில் மறுபடி வரைந்து, உயரத் தரவில் அந்தக் கோடுகளை ஐந்து மீட்டர் ஆழத்துக்கு வெட்டிவிட்டு ஓட்டினேன். மூன்றின் மறுகால் ஐந்துக்குப் போனது. அதனால் ஐந்துக்கு வந்துசேரும் நிலப்பரப்பு பல மடங்கு கூடியது. மேலே உள்ள மூன்று கண்மாய்களின் மழையும் இப்போது அதன் கணக்கில். முதல் படத்தை அப்படியே அச்சிட்டிருந்தால் ஐந்தாம் கண்மாய்க்கு வரத்தே இல்லை என்று ஓர் ஆவணம் உருவாகியிருக்கும். அந்தக் கருவேலத்தை வெட்டச் சொல்லி யாராவது மனு கொடுத்தால், படத்தில் அங்கே ஓடையே இல்லையே என்று எடுத்துக் காட்ட அது போதும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அறிக்கையை மே மாதத்திலேயே கொடுத்தாகிவிட்டது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு கலுங்காவது பாய்ந்து பார்க்காமல் கோப்பை மூட மனம் வரவில்லை. நவம்பர் மூன்றாம் வாரம், விடாமல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் அதிகாலை தாத்தாவின் பேரன் கைப்பேசியிலிருந்து அழைப்பு. "தாயி, பெரிய கம்மா கலுங்கு பாயுது. வாரியா?"

முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கலுங்குச் சுவருக்கு மேல் ஒரு சாண் தண்ணீர், கற்களுக்கு நடுவே செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. மறுகாலின் இடது கரையிலேயே குடையும் கைப்பேசியுமாக நடந்தேன். தெற்கே திரும்பியது. ஏப்ரலில் முள் வெட்டிய தடத்தில் வேகமாகவும், வெட்டாத இடங்களில் தேங்கித் தேங்கியும் போனது. மத்தியானத்துக்குள் ஐந்தாம் கண்மாயின் வாலில் நுரையோடு நுழைந்ததைப் பார்த்தேன். கிழக்குப் பக்க முதுகுக்கு எதிரே ஒரு கருவேல மரத்தில் ஏப்ரலிலேயே 99.60 மட்டத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

அன்று ராத்திரி அடித்துப் பெய்தது. காலையில் போனால் பெயின்ட் கோடு தண்ணீருக்குள். முதுகைத் தாண்டி, கணுக்கால் அளவுத் தண்ணீர் தரிசு முழுக்கப் பரந்து நான்காம் கண்மாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தாத்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

"இப்படிப் போயிப் பாத்ததில்ல தாயி. மறுகால்ல முள்ளு அடச்சுக்கிட்டு தண்ணிய ஏத்திவிடுது."

மூன்றிலிருந்து நான்குக்கு முதலில் கணினி வரைந்த கோட்டை நான் அழித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை மறுபடி சேர்த்தேன், புள்ளிக்கோடாக. குறிப்புப் பத்தியில் 'மறுகால் தரைக்கு மேல் 86 செ.மீ. தண்ணீர் ஏறினால் மட்டும். காரணம் கருவேல அடைப்பு' என்று எழுதி, நேரில் பார்த்த தேதியையும் போட்டுச் சேமித்தேன்.